பாதி ஜோடி

நாற்பதாயிரம் கடன். வாங்கியவன் என் கொழுந்தன். கட்டியவள் அவன் பெண்டாட்டி. நடுவில் நான் மட்டும் இல்லாவிட்டால் அவள் இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருப்பாள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சொல்லும்போது பெருமையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய?

என்னைப் பற்றி முதலில் நாலு வார்த்தை. நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். மூன்றாம் வகுப்பு எனக்குத் தேவைப்படவில்லை. இன்று சொந்தமாக சிமெண்ட் கல் பட்டறை வைத்திருக்கிறேன். மாடி வீடு இருக்கிறது. மாடியில் யாரும் குடியில்லை, ஆனாலும் மாடி இருக்கிறது. சூளைத் தொழிலாளர் சங்கத்துக்குப் பல வருஷம் தலைவியாக இருந்தேன். என் கையில் மைக்கைக் கொடுத்தால் கரண்ட் போனால்தான் திரும்ப வாங்க முடியும் என்று கேலி செய்வார்கள். கரண்ட் போனாலும் பேசுவேன். தொண்டை என் சொந்தத் தொண்டை.

சங்கம் எப்படி ஆரம்பித்தது என்று எழுதித் தரச் சொல்லி இப்போது பொறுப்பில் இருக்கும் பெண்கள் கேட்டார்கள். என் கதையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்தேன். எழுத எழுத அது என் ஓரகத்தியின் கதையாகப் போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும். அவளுக்கும் யாராவது எழுத வேண்டுமே.

அவளைச் சூளையில் எல்லாரும் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவோம். குள்ளம், கறுப்பு, இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத உடம்பு. தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் போவாள். சும்மா விட்டால் போய்க்கொண்டே இருப்பாள். சீண்டினால் கடிப்பாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், ஆனால் அந்தப் பத்தில் எட்டு நம்மைக் குத்தும். எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கே சிரிப்பாள். என் மாமனார் சாவு வீட்டில் சிரித்தவள் அவள். கேட்டதற்கு, "மாமா வாய் இப்பவும் யாரையோ திட்டற மாதிரியே இருக்கு அக்கா" என்றாள். உண்மையில் அப்படித்தான் இருந்தது. அதற்காகச் சிரிப்பதா?

அந்தச் சாவுக்குப் பிறகுதான் கதவுச் சண்டை வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மாமனார் வீட்டில் இரண்டு அறை, ஒரே கதவு. பாகம் பிரித்தபோது மூத்தவரான என் வீட்டுக்காரருக்கு முன் அறை, இளையவனுக்குப் பின் அறை. கதவு முன் அறையில் இருந்தது. அப்படியானால் கதவு யாருக்கு? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் நான் ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால், வாசல் பொக்கை வாயாக நிற்கிறது. கதவு பின் அறையில் ஜம்மென்று மாட்டியிருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் அறைக்குத்தான் கதவு வேண்டும் என்று அவள் வாதம். நான் கழற்றி எடுத்து வந்தேன். அவள் மறுபடி கழற்றினாள். கடைசியில் கீலே பிய்ந்து, கதவு முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு வாசலிலும் சாக்குப் படுதா தொங்கியது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. கதவு எனக்குத்தான் சேர வேண்டியது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். இதைப் படித்துவிட்டு அவள் சண்டைக்கு வந்தால் வரட்டும், என் வீட்டுக்கு இப்போது ஆறு கதவு.

பேச்சு இல்லாவிட்டாலும் பிழைப்பு ஒரே இடத்தில்தான். மழை ஓய்ந்ததும் லாரி வரும். சட்டி பானை, பிள்ளை குட்டி, கோழி எல்லாவற்றோடும் ஏறி செங்கல் சூளைக்குப் போவோம். அடுத்த மழைக்குத்தான் வீடு திரும்புவோம். அங்கே எங்களுக்குக் கொடுக்கும் குடிசை, விற்காத உடைந்த கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர், மேலே தகரம், தகரம் பறக்காமல் இருக்க மேலே கல். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஊருக்கெல்லாம் வீடு கட்டக் கல் கொடுத்தவர்கள் நாங்கள், குனிந்தே குடியிருந்தோம்.

சூளையில் ஒரு ஆளுக்கு வேலை கொடுக்க மாட்டார்கள். ஜோடிக்குத்தான் வேலை. ஜோடி என்றால் புருஷன் பெண்டாட்டி. சீசன் தொடங்குவதற்கு முன்பே ஜோடிக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுத்துப் பிடித்துவிடுவார்கள். ஜோடிக்கு ஒரு களம், ஒரு அச்சு. முந்தின நாள் ஊறப்போட்ட மண்ணை விடியும் முன்னே இருவரும் மிதிப்பார்கள். பிறகு அச்சு புருஷன் கையில். அவன் மண்ணை அச்சில் அறைந்து வழித்துக் கல் அறுப்பான். பெண்டாட்டி மண்ணை உருட்டிக் கொடுத்து, அறுத்த கல்லை வரிசையில் கவிழ்த்து, மணல் தூவி, காய்ந்ததைத் திருப்பி, அடுக்கி வைப்பாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரா வாரம் செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். சீசன் முடிவில் கணக்குத் தீர்ப்பு. முன்பணம், செலவுக்காசு எல்லாம் கழித்து மிச்சம் இருந்தால் புருஷன் கையில் எண்ணுவார்கள். கணக்கில் அவன் பேர் மட்டும்தான் இருக்கும். பெண்டாட்டிக்குப் பேர் கிடையாது. அவள் ஜோடியில் பாதி, அவ்வளவுதான்.

அந்த வருஷம் சீசன் நடுவில் இரண்டு காரியம் நடந்தது. ட்ரெய்லரில் ஏற்றிய கல் சரிந்து என் வீட்டுக்காரரின் கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் மண் மிதிக்க அது இனி உதவாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் குடிசையில் உட்கார்ந்து சமையல் கற்றுக்கொண்டார். இன்றைக்கு வரை உப்பு அவருக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது, என் கொழுந்தன் ஓடிப்போனான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். எல்லாரிடமும் பல்லைக் காட்டிப் பேசுவான், நல்ல சட்டை போடுவான், கையில் காசு இருந்தால் யாருக்கும் டீ வாங்கிக் கொடுப்பான். அந்தக் காசு யாருடையது என்பதுதான் அவனுக்கு ஞாபகம் இருக்காது. நாற்பதாயிரம் முன்பணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். அதே வண்டியில் ஒரு நாள் பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று போனான். அவ்வளவுதான். கட்டெறும்பும், தவழும் வயசில் ஒரு பெண் குழந்தையும், நாற்பதாயிரம் கடனும் சூளையில் மிஞ்சினார்கள்.

மேஸ்திரி மறுநாளே வந்து நின்றார். மேஸ்திரி என்றால் முதலாளிக்காக எங்களை லாரி ஏற்றிக்கொண்டு வருகிறவர், களம் பிரித்துக் கொடுக்கிறவர்.

"ஜோடி இல்லாம களம் கிடையாதும்மா. களத்த வேற ஆளுக்குக் குடுக்கணும்."

"கடன்?" என்றாள் அவள்.

"கடன் அப்படியேதான் இருக்கும். நீ சில்லறை வேலை பாரு. சாம்பல் அள்ளு, தண்ணி தெளி. தினக்கூலியில கழிச்சுக்கறோம்."

"அதுல எப்ப கழியும்?"

"அது உன் ஆயுச பொறுத்தது. பாதி ஜோடிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லு? அரைக் கல்லா அறுப்ப?"

பக்கத்துக் களத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சொன்னேனே, எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கே.

சில்லறைக் கூலி சோற்றுக்கே போதாது. கடன் கழியாமல் அவள் ஊர் திரும்ப முடியாது, லாரியில் ஏற விட மாட்டார்கள். அடுத்த சீசனும் இங்கேதான், அதற்கடுத்ததும். அந்தக் குழந்தை நடக்கும் வயசு வந்ததும் அதுவும் கல் திருப்பும். அப்படி இரண்டு தலைமுறையாகச் சாம்பல் அள்ளுகிற குடும்பம் எங்கள் சூளையிலேயே இருந்தது.

எனக்கும் அதே நிலைமைதான். என் ஜோடி கட்டிலில் கிடந்தார். ஆனால் என் மூளை வேலை செய்யும். எல்லாரும் அழும் நேரத்தில் நான் கணக்குப் போடுவேன். அன்று சாயங்காலம் அவள் குடிசைக்குப் போனேன். ஆறேழு மாசத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"உள்ள இருக்கியா?"

"கதவில்லாத வீட்டுல எங்க போயி ஒளிஞ்சுக்கறது?"

பார்த்தீர்களா? முதல் வார்த்தையே கொட்டு. பொறுத்துக்கொண்டேன்.

"காலைல மேஸ்திரிகிட்ட ஜோடியா போயி நிக்கணும். கிளம்பி இரு."

"யார் கூட?"

"என் கூடத்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, ஒரு வாசல்ல உங்களோட குடியிருக்க முடியல. ஒரு அச்சுல எப்படிக் கல் அறுக்கறது?"

"எனக்கு ஒண்ணும் உன் பேச்சு வேணாம். உன் கை போதும்."

கொஞ்ச நேரம் குழந்தையின் வாயிலிருந்து மண்ணை வழித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அச்சு யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான். நான் மூத்தவ."

"அப்ப வேணாம். போங்க."

கதவு விஷயத்தில் பட்ட அனுபவம் எனக்கு இருந்தது. இவளோடு ஒரு பொருளைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். "சரி, காலைல எனக்கு, மத்தியானத்துக்கு மேல உனக்கு" என்றேன். "காலைல எனக்கு" என்றாள். ஒத்துக்கொண்டேன். விட்டுக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். மத்தியான மண்தான் பதமாக இருக்கும்.

மறுநாள் மேஸ்திரி எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டு, முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி ஆபீஸ் என்பது ஒரு தகர அறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. விசிறி அவர் பக்கம் மட்டும் திரும்பும்.

"ஜோடின்னா புருஷன் பொண்டாட்டிம்மா" என்றார் முதலாளி.

நான் கேட்டேன், "மண்ண மிதிக்கறதுக்கு எத்தன கால் வேணும் மொதலாளி?"

"நாலு."

"இந்தாங்க நாலு. எண்ணிக்கோங்க. கல்யாணப் பத்திரிகை பார்த்துட்டா கல்லு காயுது?"

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "சரி, இதுல யாரு புருஷன்?"

கட்டெறும்புதான் பதில் சொன்னாள். "மத்தியானம் வரைக்கும் நான். அதுக்கு மேல அக்கா."

முதலாளிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்புக்காக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சூளைக்காரர் அதிக முன்பணம் கொடுத்து நிறைய ஜோடிகளை இழுத்துக்கொண்டார். இங்கே களம் காலியாகக் கிடந்தது. "ஒரு வாரம் பாக்கறேன்" என்றார்.

பேர் எழுதும்போதுதான் சிக்கல். ஆண் பேர் இல்லாமல் கணக்கு ஏறாது என்று மேஸ்திரி பிடிவாதமாக நின்றார். "என் பேரு எழுதுங்க" என்றாள் கட்டெறும்பு. "பேரு எதுல இருந்தா என்னம்மா, காசு காசுதான" என்றார். எங்கள் களம் இரண்டு பாதியாகக் கணக்கில் ஏறியது. என் பாதி என் வீட்டுக்காரர் பேரில், அவள் பாதி என் கொழுந்தன் பேரில். ஆக, கல் அறுத்ததாகக் கணக்கில் இருந்த இரண்டு ஆண்களில் ஒருவர் கட்டிலில் இருந்தார், இன்னொருவன் காணாமல் போயிருந்தான்.

முதல் வாரம் சூளையே வேடிக்கை பார்த்தது. மண் மிதிக்கும்போது அவள் வேகமாக மிதித்தால் நான் இன்னும் வேகமாக மிதிப்பேன். நான் ஒரு வரி கல் போட்டால் அவள் வரி அதைவிட நீளமாக இருக்கும். சண்டைக்காரிகள் ஜோடி சேர்ந்தால் வேலை எப்படி ஓடும் என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. வார முடிவில் எங்கள் களத்தில் நின்ற கல்லைப் பார்த்துவிட்டு மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எங்களுக்குப் பாராட்டு. அந்தச் சீசனில் கடனில் ஒரு பகுதிதான் கழிந்தது, அதனால் அந்த மழைக்காலத்தையும் அவள் சூளையிலேயே கழித்தாள். மீதியை அடுத்த சீசனில் தீர்த்துவிடலாம் என்று என் கணக்கு. என் கணக்கு தப்பாது.

அடுத்த சீசன் தொடக்கத்தில் குழந்தை விஷயம் வந்தது. சூளையில் பிள்ளைகளை விட இடம் கிடையாது. காயும் கல் வரிசைகளுக்கு நடுவே நிழல் பார்த்துக் கிடத்திவிட்டு வேலை பார்ப்போம். ஒரு நாள் கட்டெறும்பின் பெண் அந்த வரிசையிலிருந்து தத்தித் தத்தி வெளியே வந்துவிட்டது. ட்ராக்டர் ரிவர்ஸில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவனுக்குக் குழந்தை தெரியவில்லை. கட்டெறும்பு கத்தவில்லை. கையிலிருந்த அச்சை அப்படியே அவன் முதுகில் எறிந்தாள். அவன் வலியில் பிரேக் போட்டான். சக்கரத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு கல் நீளம்தான் இடைவெளி.

அன்று யாரும் முதலாளியிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் பார்க்கலாம் என்பார். கட்டெறும்பு உடைந்த கல் குவியலிலிருந்து நாலு கல்லை எடுத்து வந்து தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். வேலை முடிந்து போகிற பெண்கள் ஆளுக்கு நாலு கல் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு வாரத்தில் சுவர் எழுந்தது. தகரம் யாரோ கொடுத்தார்கள், யார் என்று கேட்கவில்லை. முதலாளி வந்து, "யாரக் கேட்டு கட்டினீங்க?" என்று கத்தினார். பெரியக்கா பதில் சொன்னாள். பெரியக்கா என்றால் எங்கள் சூளையில் வயதில் மூத்த பெண், எங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்தவள். "விக்காத கல்லு, வேகாத வெயிலு, ரெண்டையும் சும்மாதான மொதலாளி குடுக்கறீங்க?" என்றாள். அவர் திட்டிக்கொண்டே போனார், ஆனால் இடிக்கச் சொல்லவில்லை.

கொட்டகை ஆயிற்று, ஆனால் வாசல் திறந்தே கிடந்தது. பிள்ளைகள் வெளியே வராமல் இருக்கக் கதவு வேண்டும். என் வீட்டுக்காரர் டாக்டரிடம் காலைக் காட்டுவதற்கு ஊருக்குப் போய்விட்டு லாரியில் திரும்பியபோது, பின்னால் ஒரு சாமான் கவிழ்ந்து கிடந்தது. மாமனார் வீட்டுக் கதவு. "முற்றத்துல சும்மாதான கிடக்குது" என்றார். கட்டெறும்பும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மாட்டினோம். மாட்டும்போதும் அது யாருடைய கதவு என்று இருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் மறுபடி கீல் பிய்ந்திருக்கும்.

அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய். குடம் நிரம்பும் நேரத்தில் பெண்கள் பேசுவோம். இப்போது சங்கம், தீர்மானம், கமிட்டி என்கிறார்கள். எங்களுக்கு அன்று குடம் நிரம்பும் நேரம்தான் கமிட்டி. ஒரு நாள் பெரியக்கா சொன்னாள்.

"நான் சம்பாரிச்ச காச நான் தூரத்துலேர்ந்துதான் பாத்திருக்கேன். எண்ணும்போது மொதலாளி கைல இருக்கும். எண்ணி முடிச்சா எங்க வீட்டு மொட்ட சட்டப் பையில இருக்கும். நடுவுல என் கைக்கு எந்த வழியா வரணும்னு அதுக்கு இன்னும் தெரியல."

மொட்டை அவள் புருஷன். நல்ல மனுஷன், தலையில் முடி இல்லை, சட்டையில் பை பெரிசு.

நான் உடனே சொன்னேன், இந்தத் தடவை கணக்குத் தீர்ப்பில் பெண் பாதியைப் பெண் கையில் எண்ணச் சொல்ல வேண்டும் என்று. யோசனை என்னுடையது, இதில் சந்தேகம் வேண்டாம். "கேட்டா குடுப்பாங்களா?" என்றார்கள். "கேட்டா குடுக்க மாட்டாங்க" என்றாள் கட்டெறும்பு. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சீசன் முடிந்தது. கணக்குத் தீர்ப்பு நாள். தகர அறைக்கு வெளியே மேஜையைப் போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேஸ்திரி கணக்கோடு. மேஜைக்கு முன்னால் ஆண்கள் வரிசை. பெண்கள் பின்னால் மூட்டை முடிச்சோடு. அன்றைக்கே அடுத்த சீசன் முன்பணத்தையும் கொடுத்துப் பிடித்துவிடுவது முதலாளி வழக்கம். ரோட்டோர டீக்கடையில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சூளைக்காரரின் ஆள் உட்கார்ந்திருந்தான், காலையிலிருந்து எத்தனையாவது டீ என்று தெரியாது. அவன் அங்கே இருப்பது முதலாளிக்கும் தெரியும்.

கட்டெறும்பின் கடன் தீர்ந்திருந்தது. எல்லாம் கழித்து அவள் பாதியில் மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம். பெரிய காசு இல்லை. ஆனால் கழுத்தில் கடன் இல்லாமல் லாரி ஏறப்போகிறாள்.

மேஸ்திரி என் கொழுந்தன் பேரைப் படித்தார்.

"இருக்கேன்" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் அவனேதான். புதுச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. மோட்டார் சைக்கிள் மட்டும் இல்லை. என்னைப் பார்த்து, "அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்றான், நேற்றுதான் பெட்ரோல் போடப் போனவன் மாதிரி. குழந்தைக்குப் பொம்மையை நீட்டினான். அது அம்மாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி. "கடன் தீந்துடுச்சு. மிச்சத்த வாங்கிக்க. அடுத்த வருஷத்துக்கும் முன்பணம் எழுதிடறேன். முப்பதாயிரம் போதுமா?"

"நாப்பதே போட்டுக் குடுங்க மொதலாளி."

இரண்டு சீசன் மண் மிதித்துத் தீர்த்த கடன், அவன் ஒரு கையை நீட்டினால் மறுபடி அவள் கழுத்துக்கு வந்துவிடும். அவன் கையை நீட்டியும்விட்டான். முதலாளி நோட்டுக் கட்டை எடுத்தார்.

நான் முன்னால் போய்ச் சத்தம் போட்டேன். சத்தம் போடுவதில் எனக்கு நிகர் கிடையாது. "அந்தக் காசு அவளோடது. மிதிச்சது அவ கால், அறுத்தது அவ கை. இவரு எந்தக் களத்துல நின்னாரு?"

"குடும்ப விவகாரத்த என்கிட்ட கொண்டு வராதம்மா. கணக்குல பேரு அவனோடது. புருஷன் திரும்பி வந்துட்டான், ஜோடி சேந்துடுச்சு. சந்தோஷப்படு."

அப்போதுதான் கட்டெறும்பு வாய் திறந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இவருக்கு ஜோடி யாரு மொதலாளி?"

"இது என்ன கேள்வி? நீதான்."

"நான் எங்க அக்காவுக்கு ஜோடி. ரெண்டு வருஷமா உங்க கணக்குல நாங்க ஒரே களம்." மேஸ்திரியைப் பார்த்தாள். "இவரு இப்ப பாதி ஜோடிதான? பாதி ஜோடிக்குக் களம் கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க. களம் இல்லாதவருக்கு எதுக்கு முன்பணம்?"

மேஸ்திரி கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். தன் வாயால் சொன்னதை எங்கே போய் மாற்றிச் சொல்வார்?

முதலாளி கை நோட்டுக் கட்டோடு அப்படியே நின்றது. "ஏம்மா, இவ ஒருத்தி பேச்சுக்காக சூளை வழக்கத்த மாத்த முடியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் தலைவி என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் பெரியக்கா தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். நேராக வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். "நானும் இவங்களோடதான். எங்க வீட்டு ஆளு இனிமே பாதி ஜோடி. அவருக்கும் முன்பணம் குடுக்காதீங்க."

"அடியே!" என்றார் மொட்டை.

அடுத்து இன்னொருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர். கொட்டகைக் கதவைத் திறந்து பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மற்றவர்களும் வந்தார்கள். இதைப் பற்றிக் குழாயடியில் நாங்கள் பேசி வைக்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று அவள் சொன்னாளே, அதுதான் எல்லார் மனசிலும் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் மட்டும், ஆளுக்கு ஒரு பாதியாக நின்றார்கள். முதலாளி அவர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ரோட்டோர டீக்கடையைப் பார்த்தார். டீக்கடையில் இருந்த ஆள் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொம்பளைங்க பாதிய பொம்பளைங்க கையில எண்ணுங்க. பேரும் எங்க பேர்ல எழுதுங்க. அப்புறம் நாங்க எந்தப் பக்கம் போயி நிக்கணுமோ நிக்கறோம்" என்றேன் நான். இந்த வார்த்தைகள் என்னுடையவை. அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை.

மொட்டைதான் முதலில் இளகினார். "குடுத்துடுங்க மொதலாளி. எவ்வளவு நேரம் நான் பாதியாவே நிக்கறது? பசிக்குது" என்றார். ஆண்கள் வரிசையிலேயே சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு கிளம்பிய பிறகு முதலாளியால் முறைப்பாக இருக்க முடியவில்லை.

என் கொழுந்தனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. கட்டெறும்பு அவனைத் திட்டவில்லை. "பொம்மைய அதுகிட்ட குடுங்க. கைய எடுங்க" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் கையை எடுத்தான்.

"பேரச் சொல்லு" என்றார் மேஸ்திரி. சொன்னாள். இரண்டு சீசனாக அவளை மேய்த்த மனுஷன், அவள் பேரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டு எழுதினார். எழுத்துப் பிழையோடு எழுதினார். நான் திருத்தச் சொன்னேன், திருத்தினார்.

முதலாளி நோட்டுகளை எண்ணி மேஜைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"மேஜையில வேணாம்" என்றாள். "எல்லாருக்கும் எப்படிக் குடுப்பீங்களோ அப்படிக் குடுங்க."

கையை நீட்டினாள். சேறு தின்ற கை, விரல் நுனி தேய்ந்து, ரேகைக்குள் கழுவிப் போகாத செம்மண். விரல்களை நன்றாக விரித்து வைத்தாள், ஒன்றுகூட மடங்கவில்லை. முதலாளி மேஜையிலிருந்து நோட்டுகளைத் திரும்ப எடுத்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். பின்னால் பெரியக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி, கட்டெறும்பின் உள்ளங்கையில் வைத்தார்.